எந்த வகை கேமை எங்கே வைத்துச் சோதித்தால் அதன் மதிப்பெண்ணை நம்பலாம்?

நிலைமானி (இழையைத் தொடங்கியவர்)

10-க்கு 8 என்று ஒருவர் எழுதுகிறார். எந்த பேட்சில் (வெளியானபின் வரும் திருத்தப் பதிப்பில்), எந்த மெஷினில், எத்தனை மணி நேரம் ஆடி, கேமின் எந்தக் கட்டம்வரை போய்க் கொடுத்த 8? இதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை வைத்து மூவாயிரம் நாலாயிரம் ரூபாயைச் செலவழிக்க முடியாது. வகைக்கு வகை சோதனை மாறியே ஆகவேண்டும் என்பது என் வாதம். கார் ரேஸை இரண்டு மணி நேரத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். நகரம் கட்டும் கேமில் இரண்டு மணி நேரம் என்பது ரோடு போட்டு முடிப்பதற்குள் போய்விடும்.

முதலில் திரட்டுத் தளங்கள் பற்றிக் கொஞ்சம். பல பத்திரிகைகளின் விமர்சனங்களைச் சேர்த்து மெட்டாஸ்கோர் என்ற ஒரே எண்ணாக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் குறைந்தது 4 விமர்சனம் வந்தால்தான் மெட்டாஸ்கோர் தோன்றும். அது நேர் சராசரி அல்ல; எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. கேம்களுக்கு 75-ம் மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. கிரேடு போடும் பத்திரிகைகளை அவர்கள் எண்ணாக மாற்றும்போது பி மைனஸ் 67 ஆகிவிடுகிறது. பரவாயில்லாத கேம் என்று நினைத்து விமர்சகர் போட்ட கிரேடு, பட்டியலில் மஞ்சளாக வந்து நிற்கும். 5-க்கு 3 நட்சத்திரமும் அப்படியே 60.

பிளாட்ஃபார்ம் தனித்தனி என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில் முன்கூட்டியே விமர்சகர்களுக்குத் தரப்பட்டது பி.சி பதிப்பு மட்டும். அந்தப் பதிப்பின் மெட்டாஸ்கோர் 86. பிஎஸ்4 பதிப்பு பிறகு 57-இல் போய் நின்றது. பெயர் ஒன்று, வாங்கும் பொருள் இரண்டு.

அவரவர் நன்றாக அறிந்த வகையைப் பற்றி எழுதுங்கள். எங்கே வைத்துச் சோதிக்க வேண்டும், எது முதலில் உடையும், ஏன்?

---

சட்டகநேரம்

எல்லா வகைக்கும் பொதுவான ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். பி.சி விமர்சனத்தில் "சராசரி 60 எஃப்.பி.எஸ், ஸ்மூத்தாக ஓடுகிறது" என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். 60 எஃப்.பி.எஸ்ஸில் (செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிசெகண்ட். ஒரு நிமிட ஓட்டத்தில் பத்தே பத்து இடத்தில் கேம் 100 மில்லிசெகண்ட் நின்று நின்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துக்கும் சேர்த்து ஒரு செகண்ட் போயிற்று. மீதி 59 செகண்டில் 3,540 ஃபிரேம். மொத்தம் 3,550. சராசரி 59.2. ஆறு செகண்டுக்கு ஒரு தடவை திரை தடக்கென்று நிற்கும் கேமுக்கு, பேப்பரில் 59.2!

1% லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) போட்டால் மாட்டிக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். அதிலும் இரண்டு கணக்கு உண்டு. 99-ஆவது பர்சென்டைலை (100-க்கு 99 ஃபிரேம் எந்த நேரத்துக்குள் முடிகிறது என்பதை) எடுக்கும் முறையில் மேலே சொன்ன ஓட்டம் 60 என்றே காட்டும், ஏனென்றால் நின்ற ஃபிரேம்கள் மொத்தத்தில் 0.28% தான், ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மோசமான 1% ஃபிரேம்களை மட்டும் எடுத்துச் சராசரி போடும் முறையில் அதே ஓட்டம் 25 எஃப்.பி.எஸ் ஆகிவிடும். கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற அளவீட்டு மென்பொருளில் இரண்டுமே தனித்தனியாக இருக்கின்றன. எதை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் "1% லோ இவ்வளவு" என்று எழுதாதீர்கள். ஃபிரேம்டைம் கிராஃபின் படத்தையே போட்டுவிடுங்கள், அதில் முள் முள்ளாக நிற்பது யாருக்கும் தெரியும்.

அளக்கும் முறை:

புது இடத்துக்குள் முதல்முறை நுழையும்போது அளக்க வேண்டும். ஒரு காட்சிக்கு வேண்டிய ஷேடர் (ஒளியையும் நிறத்தையும் வரையும் சிறு நிரல்) உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி தயாராக இல்லாவிட்டால் கேம் அந்த இடத்திலேயே நின்று தயாரிக்கும். இரண்டாம்முறை போகும்போது அது கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும், தடங்கலே தெரியாது. பெஞ்ச்மார்க் எடுக்கிறவர்கள் ஒரே தெருவில் மூன்று தடவை ஓடி, முதல் ஓட்டத்தை "வார்ம் அப்" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர் ஆடப்போவது அந்த முதல் ஓட்டத்தைத்தான். விண்டோஸ் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்ற பெட்டியை டிக் செய்து காலி செய்யுங்கள். என்விடியா கார்டு என்றால் ஆப்டேட்டாவுக்குள் என்விடியா ஃபோல்டரில் இருக்கும் டிஎக்ஸ்கேஷையும் காலி செய்யுங்கள். பிறகு ரீஸ்டார்ட். அதன்பின் அளந்த முதல் ஓட்டத்தைத் தனியாக எழுதுங்கள்.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தபோது விமர்சகர் ஸ்கோர் 90-களின் நடுவில் இருந்தது. வெளியான அன்று ஸ்டீம் கடையில் வாங்கியவர்கள் கருத்து மிக்ஸ்ட் (கலவை). பி.சி-யில் தடக்கித் தடக்கி ஓடியது அதற்குப் பெரிய காரணம். கேம் டிசைன் பற்றி விமர்சகர் சொன்னதும் சரி, மெஷினில் ஓடியதைப் பற்றி வாங்கியவர் சொன்னதும் சரி. ஒரே எண்ணுக்குள் இரண்டையும் திணித்ததுதான் குழப்பம்.

---

கோட்டைமதில்

நகரக் கேம்களை எடுத்துக்கொள்கிறேன். வெளியீட்டுநாள் மதிப்பெண் இதைப்போல் ஏமாற்றும் வகை வேறு இல்லை.

சிம்சிட்டி, 2013 மார்ச். கட்டாய ஆன்லைன். பாலிகான் தளம் முதலில் 9.5 கொடுத்தது. மக்கள் வாங்கி உள்ளே வந்தார்கள், சர்வர் தாங்கவில்லை, அதை 8 ஆக்கினார்கள், பிறகு 4 ஆக்கினார்கள், கடைசியில் 6.5-இல் நிறுத்தினார்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் ஆடியது கூட்டமே இல்லாத சர்வரில். அதனால் முதல் எண் ஒரு பாதியை மட்டுமே அளந்தது.

சர்வரைச் சரிசெய்து, 2014 மார்ச்சில் ஆஃப்லைன் மோடும் வந்தது. அதற்குப் பிறகும் உள்ளே இருந்த கோளாறு போகவில்லை. அந்த கேமில் ஒவ்வொரு ஆளும் தனி ஏஜென்ட், அதாவது தனியாக நகரும் உரு. வேலை முடிந்ததும் அவன் தன் வீட்டுக்குப் போவதில்லை, காலியாக இருக்கும் பக்கத்து வீட்டுக்குள் நுழைவான். மறுநாள் காலியாக இருக்கும் பக்கத்து வேலைக்குப் போவான். எல்லோரும் ஒரே தெருவில் வரிசையாகக் கிளம்புவதால் அகலமான ரோடு பக்கத்தில் சும்மா கிடக்க, குறுக்கு ரோடு அடைத்து நிற்கும். திரையில் காட்டும் மக்கள்தொகையும் உண்மையில் ஓடும் ஏஜென்ட் எண்ணிக்கையும் வேறு வேறு. சிற்றூர் அளவில் இது எதுவும் கண்ணில் படாது. நகரம் பெருத்தபிறகுதான் தெரியும். முதல் ஐந்து மணி நேரத்தில் எழுதிய விமர்சனம் எத்தனை நேர்மையாக இருந்தாலும் இதைப் பிடித்திருக்க முடியாது.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, 2023 அக்டோபர். எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று தயாரித்தவர்களே வெளியீட்டுக்கு முன் அறிவித்தார்கள். தூரத்தில் தெரியும் பொருளுக்கு எளிய மாடலை மாற்றிப் போடவேண்டும். பல பொருள்களுக்கு அந்த எளிய மாடலே இல்லை. நடந்துபோகும் ஆளின் வாய்க்குள் பல்வரிசை வரை முழு மாடல் இருந்தது. கேமரா மேகத்துக்கு மேலே இருந்தாலும் கார்டு தேவையில்லாத நுணுக்கங்களைச் சுமந்துகொண்டிருந்தது.

ஆகவே நகரக் கேமுக்கு என் சோதனை: 5,000, 50,000, ஒரு லட்சம் என்று மூன்று மக்கள்தொகையில் சேவ் எடுங்கள். ஒவ்வொன்றிலும் கேமுக்குள் ஒரு நாள் ஓட எத்தனை செகண்ட் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து, மூன்று மடங்கு வேகத்தில் அளந்து எழுதுங்கள். வேகப் பொத்தான் 3 என்று காட்டும், ஆனால் சி.பி.யு திணறினால் உள்ளே ஓடுவது 1 தான். எஃப்.பி.எஸ் கவுண்டர் இதைச் சொல்லாது. இரண்டாவது, இரண்டு பேட்டைகளை இணைக்க ஒரு பெரிய ரோடும் ஒரு சின்ன ரோடும் போட்டு வண்டிகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பாருங்கள். மூன்றாவது, பவர் ஸ்டேஷனை இடித்துவிட்டு நகரம் எப்படிச் சரிகிறது, திருப்பிக் கட்டினால் எப்படி மீள்கிறது என்று பாருங்கள். நல்ல சிமுலேஷன் படிப்படியாகச் சரியும்.

சிவிலைசேஷன் மாதிரி டர்ன் கேம்கள் (முறை வைத்து மாறி மாறி ஆடுபவை) பற்றி அடுத்த பதிவில்.

---

பழையமவுஸ்

எல்லாம் சரி. இவ்வளவு சிக்கல் இருக்கும்போது எண்ணே எதற்கு? யூரோகேமர் 2015-இல் மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டு "அத்தியாவசியம், பரிந்துரை, தவிர்க்கவும்" என்று சொல்லாகவே கொடுத்தது. அதுபோல் போய்விடலாமே.

---

நிலைமானி

அதே யூரோகேமர் 2023-இல் 5 நட்சத்திரத்துக்குத் திரும்பி வந்துவிட்டது, பழையமவுஸ் அண்ணா. படிக்கிறவருக்கு ஒரு கைப்பிடி வேண்டியிருக்கிறது.

எண்ணால் வரும் கேடு எனக்குத் தெரியாமலில்லை. ஃபால்அவுட் நியூ வேகஸ் செய்த அப்சிடியனுக்கு மெட்டாஸ்கோர் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. பக்ஸ் நிறைய இருந்த நிலையில் வெளியான கேம் அது, குறைந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் விமர்சகர் வாசகருக்காகப் போட்ட எண் இன்னொருவர் சம்பளத்தை முடிவு செய்தது தப்பு. அந்தப் பொறுப்பை விமர்சகர் கேட்டு வாங்கவில்லை.

விளம்பரம் கொடுப்பவரின் அழுத்தமும் எண்ணின் மேல்தான் விழும். கேம்ஸ்பாட் தளத்தில் 2007-இல் கேன் அண்ட் லிஞ்ச் கேமின் விமர்சனத்தை ஒட்டி ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலையை இழந்தது தெரிந்த விஷயம். எண்ணை நீக்கினால் அந்த அழுத்தம் வாக்கியத்தின் மேல் விழும், அவ்வளவுதான். நான் கேட்பது எண்ணின் பக்கத்தில் சோதனை விவரம்.

---

கோட்டைமதில்

டர்ன் கேம். சிவிலைசேஷன் 5, 2010-இல் வந்தபோது பி.சி மெட்டாஸ்கோர் 90. அதில்தான் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு படை என்ற விதி வந்தது. பார்க்க அழகு, மனிதனுக்கு நல்ல விதி. கம்ப்யூட்டருக்குப் படையை வரிசைப்படுத்தத் தெரியவில்லை. வில்லாளிகளை முன்னால் தள்ளிவிட்டு வாள்வீரர்களைப் பின்னால் நெரிசலில் நிறுத்தும். அமைதியாகவே ஆடி முடித்தவர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஏ.ஐ-யைச் சோதிக்க பிரின்ஸ் என்ற நடுத்தர டிஃபிகல்ட்டி நிலையில் வையுங்கள். அதற்கு மேலே போகப் போக அது கூடுதலாக யோசிப்பதில்லை, உற்பத்தியிலும் தொடக்கப் படையிலும் சலுகை வாங்குகிறது. மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் தோற்றுவிட்டு "ஏ.ஐ அருமை" என்று எழுதக்கூடாது. ஆற்றங்கரையில் ஒரு நகரம், சுவர் கட்டி, உள்ளே இரண்டே படையோடு விடுங்கள். எதிரி எத்தனை டர்னில் பிடிக்கிறான், எத்தனை படையை வீணடிக்கிறான் என்று எண்ணுங்கள். டர்ன் 10-இலும் டர்ன் 250-இலும் "நெக்ஸ்ட் டர்ன்" அழுத்தியதிலிருந்து கை திரும்பக் கிடைக்கும்வரை செகண்ட் எத்தனை என்றும் எழுதுங்கள். ஸ்டெல்லாரிஸ் மாதிரி கேமிலும் பின்பாதியில் மக்கள்தொகை பெருகப் பெருகத்தான் நாட்கள் இழுக்கும். அங்கேயும் ஆரம்ப எண் உதவாது.

---

மூன்றுசுற்று

ஃபைட்டிங் கேம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே முக்கியமானது இரண்டே.

ஒன்று நெட்கோடு, ஆன்லைனில் இருவர் மெஷினையும் ஒத்து ஓடவைக்கும் முறை. டிலே முறையில் எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை உங்கள் பட்டனையும் தாமதிக்கும். லைன் ஏறி இறங்கினால் தாமதமும் ஏறி இறங்கும், பழகிய காம்போ கையில் நிற்காது. ரோல்பேக் முறையில் எதிராளி என்ன அழுத்தியிருப்பான் என்று ஊகித்து உடனே காட்டும், ஊகம் தவறினால் பின்னால் போய்த் திருத்தும். தூரத்து ஆளுடன் வைஃபையிலும் கேபிளிலும் தலா பத்து மேட்ச் ஆடி, பிங் (சிக்னல் போய்வரும் நேரம்) எத்தனை, ஆள் சட்டென்று இடம் மாறித் தெரிந்தது எத்தனை தடவை என்று எழுதாத விமர்சனம் பாதி விமர்சனம்.

இரண்டு, உள்ளடக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, 2016 பிப்ரவரியில் ஆர்கேட் மோடே (கம்ப்யூட்டரோடு வரிசையாக மோதும் பகுதி) இல்லாமல் வந்தது. 2018 ஜனவரியில்தான் சேர்ந்தது. போட்டிக்கு ஆடுகிறவருக்கு அது குறையே இல்லை, தனியாக ஆடுகிறவருக்கு முக்கால்வாசி கேம் இல்லை. ஒரே எண் இரண்டு பேருக்கும் பொய் சொல்லும். நான் இரண்டு எண் போடச் சொல்வேன்: தனியாக ஆட, ஆன்லைனில் ஆட.

---

வேகத்தடம்

ரேஸை இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடலாம் என்று நிலைமானி எழுதியதை ஏற்கவில்லை. நிஜக் காரைப் பின்பற்றாத எளிய ஆர்கேட் ரேஸ் என்றால் சரி. அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே மாதிரி சிமுலேட்டரில் ஸ்டீயரிங் செட் பண்ணவே ஒரு மாலை போகும். அதைச் செய்யாமல் "ஸ்டீயரிங் உணர்வே இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் தப்பு இங்கேதான் நடக்கிறது: ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங் கையில் தரும் எதிர்விசை) கெயினை, அதாவது அதன் அளவை, 100-இல் வைத்துவிடுவது. மோட்டார் தரக்கூடிய உச்சத்தை சிக்னல் தாண்டினால் அதற்கு மேலே எல்லாம் ஒரே கனமாகத்தான் இருக்கும். வளைவில் டயர் பிடி இழக்கத் தொடங்கும்போது ஸ்டீயரிங் லேசாக வேண்டும், அந்தச் சின்ன மாற்றம் வெட்டுப்பட்டுப் போகும். திரையில் இருக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டையைப் பாருங்கள். வேகமான நீண்ட வளைவில் அது சிவந்தே நின்றால் கெயினை ஐந்து ஐந்தாகக் குறைத்து, கெர்ப் (தடத்தின் ஓர விளிம்பு) மேல் ஏறும்போது மட்டும் ஒரு கணம் சிவக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு மதிப்பெண் போடுங்கள். கண்ட்ரோலரில் ஆடியிருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அதில் தப்பு எதுவும் இல்லை.

ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் வேறு ஒரு சிக்கல். ஸ்டீமில் வாங்கினால் கேமைத் திறந்தபின் உள்ளேயே பெரிய டவுன்லோடு நடந்தது, அந்த நேரமும் ஆடிய நேரமாக ஏறியது. ரீஃபண்ட் வரம்பு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள். விமானம் கிளம்புமுன்பே அது தீர்ந்துவிடும் வாய்ப்பு இருந்தது. இதை எழுதாத விமர்சனத்தில் வாங்குகிறவருக்கு வேண்டிய மிக முக்கியமான வரி இல்லை என்றுதான் சொல்வேன்.

---

குறும்பயணம்

நீளமான கேம்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். வெண்பா (2023) ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அழிந்தும் கிழிந்தும் போன சமையல் குறிப்பேடு, விட்டுப்போன படியைக் கண்டுபிடிப்பதே புதிர். ஸ்டீம் விமர்சனங்களில் "மணிக்கு எத்தனை ரூபாய்" கணக்குப் போட்டு பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்கள் உண்டு. அதே கேம் 2024-இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதல் பரிசையும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கியது.

நீளத்தைக் கட்டாயம் எழுதுங்கள், மதிப்பெண்ணிலிருந்து அதற்காகக் கழிக்காதீர்கள். இட்லித் தட்டை அடுக்குவதை ஒரு தடவை புதிராக வைக்கலாம். அதையே இருபது தடவை வைத்திருந்தால் கேம் பத்து மணி நேரம் ஆகியிருக்கும், தரம் ஏறியிருக்காது. இந்த வகையில் நான் பார்ப்பது, புதிருக்கான தடயம் திரையிலேயே இருக்கிறதா, தப்பாகச் செய்தால் ஏன் தப்பு என்று கேம் சொல்லிக்கொடுக்கிறதா என்பது. தமிழ்ச் சமையல் தெரிந்தவருக்கு வெண்பாவின் புதிர்கள் சுலபம், இட்லியே பார்க்காதவருக்கு உண்மையான புதிர். விமர்சகர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் அந்த மதிப்பெண் தெளிவாகிவிடும்.

---

எண்கணிதம்

ஸ்டீம் வாங்குவோர் விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கேயே சேர்க்கிறேன்.

அது மதிப்பெண் அல்ல, எத்தனை பேர் "பரிந்துரைக்கிறேன்" அழுத்தினார்கள் என்பதன் சதவீதம். 95% என்றால் 9.5 தரம் என்று பொருளில்லை. எல்லோரும் "பரவாயில்லை" என்று நினைத்த கேமும் 95% வாங்கலாம். 80-க்கு மேல், 50 விமர்சனமாவது இருந்தால் வெரி பாசிட்டிவ். 95-க்கு மேல் 500 விமர்சனம் இருந்தால் ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ். 40 முதல் 69 வரை மிக்ஸ்ட்.

விமர்சன எண்ணிக்கை குறைவாக இருக்கும் கேமை எப்படி ஒப்பிடுவது? ஸ்டீம்டிபி தளத்தின் சூத்திரம் எளிது: எண்ணிக்கை குறையக் குறைய சதவீதத்தை 50-ஐ நோக்கி இழுக்கும், எண்ணிக்கை பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் இழுப்பு பாதியாகும். 10-க்கு 10 பேர் பிடித்தது என்றால் 75.7 வரும். 1,000-க்கு 900 பேர் என்றால் 85. நூற்றுக்கு நூறு என்ற பேட்ஜைப் பார்த்து மயங்க வேண்டாம்.

"சமீபத்தியவை" என்பது கடைசி 30 நாள். மொத்தம் உயரத்தில், சமீபத்தியது பள்ளத்தில் என்றால் ஏதோ ஒரு பேட்ச் நடந்திருக்கிறது. பேடே 2-இல் 2015 அக்டோபரில், மைக்ரோடிரான்ஸாக்ஷன் (கேமுக்குள் தனியாகக் காசு கட்டி வாங்குவது) வராது என்று சொல்லியிருந்தும் கொண்டுவந்தபோது, புதிதாக வந்த விமர்சனங்கள் இப்படித்தான் சரிந்தன. கேமின் பத்திரிகை விமர்சனங்கள் 2013-இலேயே முடிந்துவிட்டன, அவற்றைப் படித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

---

பழையமவுஸ்

எண் வேண்டாம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் ஒன்றைச் சேருங்கள்: டிஃபிகல்ட்டி. ஏலியன் ஐசொலேஷன் என்ற ஹாரர் கேமுக்கு 2014-இல் ஐ.ஜி.என் 10-க்கு 5.9 கொடுத்தது, பி.சி கேமர் 100-க்கு 93 கொடுத்தது. அந்த வேற்றுக்கிரக ஜந்துவுக்குப் போட்ட பாதை இல்லை, சத்தத்தையும் அசைவையும் வைத்துத் தேடும். ஹார்டு நிலையில் அது உங்களை விட்டு விலகுவதே குறைவு. சேவ் செய்யும் இடங்களும் தூரம் தூரமாக இருக்கும். ஒருவருக்கு அதுவே பயம், இன்னொருவருக்கு ஒரே காரிடாரை எட்டாவது தடவை கடக்கும் சலிப்பு. ஹாரருக்கு நிலை எது, ஒரே இடத்தில் செத்தது எத்தனை தடவை என்று எழுதினால் அந்த 34 புள்ளி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

---

நிலைமானி

ரேஸ் பற்றி நான் எழுதியதை வேகத்தடம் திருத்தியது சரி. ஆர்.பி.ஜி-யை (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் வகையை) மட்டும் நானே சேர்க்கிறேன். பால்டர்ஸ் கேட் 3 (2023 ஆகஸ்ட்) முதல் இரண்டு அங்கத்தில் நன்றாக ஓடிய மெஷினே மூன்றாம் அங்கத்தின் நகரத்துக்குள் சி.பி.யு-வால் திணறியது. விமர்சகர்களுக்குப் பிரதி கிடைத்தது வெளியீட்டுக்குச் சில நாள் முன்புதான். பலர் "பாதி விமர்சனம்" என்று வெளிப்படையாகத் தலைப்பிட்டது பாராட்ட வேண்டியது. தோழர்கள் மறுபடி கூடும் விருந்தோடு கூடிய முடிவுரைக் காட்சி நவம்பர் 30-இல் பேட்ச் 5-உடன்தான் வந்தது. ஆகவே ஆர்.பி.ஜி-க்கு எந்த அங்கம்வரை என்பது கட்டாயம்.

இனி இங்கே பதியும் விமர்சனத்தின் தலையில் வரவேண்டியவை: பேட்ச் எண், சி.பி.யு, கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி-யா ஹார்ட் டிஸ்க்கா, ஆடிய மணி, எதுவரை, டிஃபிகல்ட்டி, கண்ட்ரோலரா மவுஸா ஸ்டீயரிங்கா, காசு கொடுத்து வாங்கியதா இலவசப் பிரதியா. அதன்கீழ் இரண்டு எண்: கேமுக்கு ஒன்று, இந்த மெஷினில் ஓடிய விதத்துக்கு ஒன்று. பேட்ச் வந்து மாற்றினால் பழைய எண்ணை அழிக்காதீர்கள், தேதியோடு மேலே புதியதைப் போடுங்கள்.

---

சட்டகநேரம்

கிராஃபிக்ஸ் டிரைவர் பதிப்பையும் சேருங்கள். அது மாறினால் ஷேடர் எல்லாம் முதலிலிருந்து தயாராகும், இரண்டு பேர் அளந்தது பொருந்தாமல் போக அதுவே போதும். முதல் ஓட்டக் கிராஃபையும் இரண்டாம் ஓட்டக் கிராஃபையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடும் மாதிரிப் பதிவு ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்றுகிறேன்.